குயவர் சக்கரமும் ஆய்வுக்கூடமும்

(நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை, மலருக்காகச் சற்றே விரித்து எழுதப்பெற்றது)

  

விழாவில் பேசுமாறு என்னை அழைத்த நம் செயலாளர், பழந்தமிழர் பெருமை பற்றி ஏதேனும் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டார். பழம்பெருமை பேசுவோர்க்கும் இனிது, கேட்போர்க்கும் இனிது. ஆயினும், அகமதாபாத்தில் வாழும் நாம், இந்நகரில் தோன்றி நாடெங்கும் பரவிய ஓர் அரிய முயற்சியைப் பற்றி நம் மேடையில் ஒருமுறையேனும் பேசாதிருப்பது முறையன்று என்று எனக்குத் தோன்றியது. உழவரும் குயவரும் நெசவாளரும் மலைவாணரும் தம் கையாலும் கண்ணாலும் கண்டறிந்த அறிவு ஒருபுறம் இருக்கின்றது. பட்டம் பெற்றோர் நடத்தும் ஆய்வுக்கூடமும் தொழிற்சாலையும் மறுபுறம் இருக்கின்றன. இவ்விரண்டையும் இணைப்பது எவ்வாறு? இணைக்கும்போது அறிந்தவனுக்கு உரியது அவனிடமே சேருமாறு செய்வது எவ்வாறு? இவ்வினாக்களை எடுத்துக்கொண்டதே அம்முயற்சி.

முதலில் நம் காலனியையே எண்ணிப் பாருங்கள். காலனிச் சுவருக்கு உட்புறம் வாழும் நாம் பெரும்பாலும் மாதச் சம்பளம் வாங்குவோர். நம் பெயர் பதிவேட்டில் உண்டு. வருங்கால வைப்புநிதி உண்டு. நோயுற்றால் விடுப்பு உண்டு. சுவருக்கு வெளிப்புறம், வாயிலை ஒட்டியே, மிதிவண்டி பழுதுபார்ப்பவர் இருக்கின்றார். கத்திக்குச் சாணை பிடிப்பவர் வருகின்றார். கோடை தொடங்குமுன் வண்டியில் பானை அடுக்கிக்கொண்டு ஓர் அம்மையார் வருகின்றார். உத்தராயணத்துக்கு முன்னர் பட்டம் கட்டுபவர் நடைபாதையில் அமர்ந்துவிடுகின்றார். இவர்கள் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. பொருளியலார் இவர்கள் செய்வதை முறைசாராத் தொழில் என்பர். இந்திய நாட்டில் உழைத்து உண்பவருள் பத்துப் பேரில் ஏறத்தாழ ஒன்பது பேர் இத்தகையவரே.

‘முறைசாரா’ என்னும் அச்சொல்லில் எனக்கு உடன்பாடு இல்லை. பட்டம் கட்டுபவர் மூங்கிற் குச்சியை விரல் நுனியில் நிறுத்தி, இருபுறமும் எடை ஒத்திருக்கின்றதா என்று பார்த்துச் சீவுவதைக் கண்டிருப்பீர்கள். அது முறையன்றி வேறென்ன? அவருக்குச் சம்பளமுறை இல்லை, விடுப்புமுறை இல்லை என்றால் ஒப்புக்கொள்ளலாம். தொழிலில் முறை இல்லை என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை.

பானையையே எடுத்துக்கொள்வோம். இங்கு அதனை மாட்லு என்கின்றார்கள். நம் இல்லங்கள் பலவற்றிலும் ஃபிரிட்ஜ் இருந்தும் அடுக்களை மூலையில் ஒரு மாட்லு இருக்கின்றது. அதிலுள்ள நீர் ஏன் குளிர்கின்றது என்பதை நம் பிள்ளைகள் பாடநூலில் படித்திருப்பார்கள். பானையின் நுண்துளைகள் வழியே நீர் கசிந்து வெளிப்புறத்தில் ஆவியாகின்றது. ஆவியாவதற்கு வேண்டிய வெப்பத்தைப் பானையிலிருந்தும் உள்ளிருக்கும் நீரிலிருந்தும் எடுத்துக்கொள்கின்றது. ஒரு லிட்டர் நீர் ஆவியாவதற்கு ஏறத்தாழ 2,400 கிலோஜூல் வெப்பம் வேண்டும். 20 லிட்டர் நீரிலிருந்தே அவ்வளவு வெப்பமும் போவதாயின் அந்நீர் ஏறத்தாழ 29 பாகை குளிர்ந்துவிடும். வெளிக்காற்றிலிருந்து வெப்பம் மீண்டும் மீண்டும் உட்புகுவதால் நடைமுறையில் அவ்வளவு குளிர்வதில்லை. குஜராத்தின் வறண்ட கோடையில் இம்முறை சிறப்பாகப் பயன் தருகின்றது. சென்னையின் புழுக்கத்தில் அதன் ஆற்றல் குன்றிவிடும். ஊரிலிருந்து வரும் உறவினர் இங்குள்ள பானைத் தண்ணீரை வியந்து பருகுவதற்குக் காரணம் சபர்மதியின் சுவை மட்டும் அன்று!

இவை பாடநூல் சொல்லும் செய்திகள். பாடநூல் சொல்லாதவை சில உண்டு. எந்தக் குளத்து மண் நீர்ப்பானைக்கு ஆகும், எது சமையற்சட்டிக்கு ஆகும், மண்ணோடு எதனை எவ்வளவு கலந்தால் வேண்டிய அளவுக்கு மட்டும் கசியும், சூளையில் நெருப்பை எப்போது தணிக்க வேண்டும் என்பன அவை. விரல் மடக்கித் தட்டிய ஒலியைக் கொண்டே வெந்த பானையையும் விரிசல் கண்ட பானையையும் பிரித்தறியும் செவி குயவர்க்கு உண்டு. இவையாவும் தந்தையிடமிருந்து மகனுக்கும் தாயிடமிருந்து மகளுக்கும் கையோடு கையாக வருபவை. எந்த ஏட்டிலும் எழுதப்படாதவை.

இங்கே செயலாளரின் விருப்பத்தையும் ஓரளவு நிறைவேற்றி விடுகின்றேன். புறநானூற்றில் வெண்ணிக் குயத்தியார் என்னும் பெண்பாற் புலவர் ஒருவர் இருக்கின்றார். வெண்ணி அவர் ஊர்; குயத்தியார் என்பது குயவர் குடியினர் என்பதைக் காட்டும். வெண்ணிப் போரில் வென்ற கரிகாலனைப் பாடவந்த அவர், தோற்றபின் புறப்புண்ணுக்கு நாணி வடக்கிருந்து உயிர்விட்ட சேரனே நின்னினும் நல்லவன் அல்லனோ என்னும் கருத்தை அவ்வேந்தன் முகத்துக்கு நேரே பாடினார். எத்துணை அஞ்சாமை! அப்பாட்டு ஓலையில் ஏறியது, இன்றுவரை வாழ்கின்றது. ஆனால் வெண்ணியூர்க் குயவர் எந்த மண்ணை எடுத்தனர், எதனைக் கலந்தனர், எவ்வாறு சுட்டனர் என்பது எந்த ஓலையிலும் ஏறவில்லை. பாட்டைக் காத்த நம் முன்னோர் பானையைக் காக்க எண்ணவில்லை.

இனி, இங்கிருந்து ராஜ்கோட் செல்லும் இருப்புப்பாதையில் ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தொலைவிலுள்ள வாங்கானேர் என்னும் ஊருக்கு வருவோம். அங்கு வாழும் மன்சுக்பாய் பிரஜாபதி அவர்களின் பெயரை உங்களுள் சிலர் கேள்விப்பட்டிருக்கலாம். பிரஜாபதி என்பது படைப்புக் கடவுளின் பெயர். இந்நாட்டில் குயவர் குடிக்கும் அதுவே பெயர். நம் தென்பாண்டி நாட்டில் வேளார் என்று வழங்குகின்றோமே, அதுபோல. மன்சுக்பாய் பத்தாம் வகுப்பில் தேறவில்லை. தேநீர் விற்றார், பின்னர் ஓட்டுத் தொழிற்சாலை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே கூரை ஓட்டை அச்சில் வைத்து அழுத்தும் பொறியை நாள்தோறும் கண்டார். ஓட்டை அழுத்தியெடுக்கும் பொறி, ரொட்டி சுடும் மண் தாவடியை அழுத்தியெடுக்காதா என்று எண்ணினார். 1988-ஆம் ஆண்டில் முப்பதாயிரம் ரூபாய் கடன் வாங்கிக் கையால் இயக்கும் அழுத்தப்பொறி ஒன்றைத் தாமே அமைத்துக்கொண்டார். சக்கரத்தில் வனைவதைவிடப் பன்மடங்கு தாவடிகள் ஒரே நாளில் வெளிவந்தன.

இந்நிகழ்ச்சியைச் சற்று நின்று நோக்குவது நல்லது. ஓட்டுத் தொழிற்சாலையில் பொறியாளர்கள் இருந்திருப்பார்கள். அவர்களுக்குப் பொறி தெரியும். தாவடியின் தேவையும் மண்ணின் இயல்பும் தெரியா. ஊரில் குயவர் பலர் இருந்தனர். அவர்களுக்கு மண் தெரியும், அழுத்தப்பொறி தெரியாது. இரண்டும் ஒருவர் தலையில் தற்செயலாகச் சந்தித்தன. தேநீர் விற்றுக்கொண்டே அவர் இருந்திருப்பின் அச்சந்திப்பு நிகழ்ந்திராது. இத்தகைய சந்திப்பைத் தற்செயலுக்கு விட்டுவிடாமல் நாமே உண்டாக்க முடியுமா என்பதே நம் முன்னுள்ள வினா.

2001-ஆம் ஆண்டு ஜனவரி 26-ஆம் நாள் நேர்ந்த பூகம்பத்தை இந்த அவையில் மூத்தோர் எவரும் மறந்திருக்க மாட்டீர்கள். அதன்பின், உடைந்து கிடந்த பானைகளின் படத்தை வெளியிட்ட ஒரு நாளிதழ், ஏழையின் ஃபிரிட்ஜ் உடைந்துபோயிற்று என்ற பொருள்படக் கீழே எழுதியிருந்தது. அதனைப் படித்த மன்சுக்பாய், மண்ணாலேயே உண்மையான ஃபிரிட்ஜ் ஒன்று செய்தால் என்ன என்று முனைந்தார். மண்ணை மாற்றியும் கலவையை மாற்றியும் சுவரின் கனத்தை மாற்றியும் ஆண்டுக்கணக்கில் முயன்று ‘மிட்டிகூல்’ என்னும் பெட்டியை உருவாக்கினார். மேல்தட்டில் நீர் ஊற்ற வேண்டும். அது பக்கச் சுவர்களின் வழியே மெல்லக் கசிந்து ஆவியாகும். உள்ளறையில் வைத்த காய்கறி சில நாள் வாடாதிருக்கும். அங்கு வைத்த பாலும் விரைவில் கெடாது. மின்சாரம் வேண்டுவதில்லை. மாட்லுவில் இருந்த அதே தத்துவந்தான். கட்டமைப்பு மட்டும் புதிது.

இந்த இடத்தில்தான் அகமதாபாத்தின் முயற்சி வருகின்றது. இந்நகரின் இந்திய மேலாண்மைக் கழகத்தில் பேராசிரியராக இருந்த அனில் குப்தா அவர்கள், 1980-களின் இறுதியில் ‘ஹனி பீ நெட்வொர்க்’ என்னும் அமைப்பைத் தொடங்கினார். தேனீ வலைப்பின்னல் என்று நாம் தமிழில் சொல்லலாம். தேனீ மலரிலிருந்து தேன் எடுக்கின்றது, மலர் வாடுவதில்லை, ஒரு மலரின் மகரந்தத்தை மற்றொன்றில் சேர்த்து இரண்டையும் வாழவைக்கின்றது. அறிவு தேடுவோரும் அவ்வாறே நடக்கவேண்டும் என்பது கருத்து. அவருக்கு இவ்வெண்ணம் எழுந்த காரணத்தை அவரே பலமுறை சொல்லியிருக்கின்றார். ஏழை உழவர்களிடம் கேட்டறிந்தவற்றை ஆங்கிலத்தில் கட்டுரைகளாக எழுதித் தாம் உயர்ந்ததாகவும், சொன்னவர்க்கு அவற்றைப் படிக்கவும் இயலவில்லை, அவற்றால் பயனும் விளையவில்லை என்றும் உணர்ந்தாராம். ஆகவே மூன்று நெறிகளை வகுத்துக்கொண்டனர். சொன்னவர் பெயரை மறைக்கலாகாது. சொன்னதை அவர் மொழியிலேயே அவரிடம் திருப்பித்தர வேண்டும். வருவாய் வந்தால் அவர்க்குப் பங்கு தரவேண்டும்.

1990-இல் ‘ஹனி பீ’ என்னும் இதழ் வெளிவரத் தொடங்கியது. குஜராத்தியில் ஓர் இதழ் உண்டானது போலவே தமிழிலும் ‘நம் வழி வேளாண்மை’ என்னும் பெயரில் மதுரையிலுள்ள ‘சேவா’ அமைப்பினர் ஓர் இதழ் வெளியிட்டனர். கால்நடை வைத்தியம், விதை காத்தல், பூச்சி விரட்டல் எனத் தென் மாவட்ட உழவர் அறிந்தவை அவர்தம் பெயரோடும் ஊரோடும் அதில் அச்சேறின. 1993-இல் ‘சிருஷ்டி’ என்னும் அமைப்பும், 1997-இல் புத்தாக்கங்களைச் சந்தைக்குக் கொண்டுசெல்லும் ‘ஞான்’ என்னும் அமைப்பும் குஜராத்தில் தோன்றின. 2000-ஆம் ஆண்டில் மத்திய அரசின் ஆதரவோடு தேசியப் புத்தாக்க அறக்கட்டளை நிறுவப்பெற்றது. நாடெங்கும் இருந்து 3 இலட்சத்துக்கு மேற்பட்ட கருத்துகளையும் வழக்காறுகளையும் அது திரட்டியுள்ளது. 1998 முதல் ‘சோத்யாத்திரை’ என்னும் நடைப்பயணமும் நிகழ்ந்து வந்தது. கோடையில் வெப்பமான பகுதிக்கும் குளிர்காலத்தில் குளிர்ந்த பகுதிக்கும் நடந்து செல்வர். இதனை எண்ணும்போதே எனக்கு முழங்கால் நோகின்றது. ஊர்மக்கள் எந்தப் பருவத்தின் கொடுமையில் வாழ்கின்றனரோ அதே பருவத்தில் சென்று காணவேண்டும் என்பது அவர்கள் கொள்கை.

மன்சுக்பாய்க்கு இவ்வமைப்புகள் துணைநின்றன. சோதனை, காப்புரிமை விண்ணப்பம், சிறு முதல் ஆகியவற்றுக்கு வழிகாட்டின. அவர் கையில் இல்லாதவை இவையே. மண்ணறிவும் முயற்சியும் அவரிடமே இருந்தன. பெட்டியின் பெயரும் தொழிலும் இன்றும் அவருடையவையாக இருக்கின்றன. அறிவைக் கொண்டவரே தொழிலுக்கும் உரிமையாளராக நின்றமையால் பங்கு பிரிக்கும் வழக்கே எழவில்லை.

எல்லா இடத்திலும் அவ்வளவு எளிதாக முடிவதில்லை. மஞ்சளின் கதையைப் பாருங்கள். புண்ணுக்கு மஞ்சள் வைப்பதை அறியாத தமிழ்த்தாய் உண்டா? 1995-இல், புண் ஆற்றுவதற்கு மஞ்சளைப் பயன்படுத்தும் முறைக்கு மிசிசிப்பிப் பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்கு அமெரிக்கக் காப்புரிமை வழங்கப்பெற்றது. நம் நாட்டின் அறிவியல் தொழிலக ஆராய்ச்சி மன்றம் எதிர்வழக்காடி 1997-இல் அதனை நீக்கச் செய்தது. வெற்றியைக் கொண்டாடினோம். அவ்வெற்றி எதனால் கிடைத்தது என்பதைப் பலரும் கவனிக்கவில்லை. அக்காலத்து அமெரிக்கச் சட்டப்படி, அயல்நாட்டு மக்கள் ஒன்றைக் காலங்காலமாகச் செய்துவருகின்றனர் என்பது சான்றாகாது. அச்சில் வந்திருக்க வேண்டும். ஆகவே வடமொழி நூற்சான்றும், 1953-இல் இந்திய மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளிவந்த கட்டுரையும் தேடி எடுத்துத் தரப்பட்டன. கோடிக்கணக்கான பாட்டிமார் சாட்சி சொல்ல ஆயத்தமாக இருந்தும், அவர்கள் சாட்சி செல்லவில்லை. தாளின் சாட்சி சென்றது.

இதிலிருந்து பாடம் கற்ற அரசு, 2001-இல் மரபறிவு மின்னூலகம் ஒன்றைத் தொடங்கியது. ஆயுர்வேதம், யுனானி, சித்த மருத்துவம் ஆகியவற்றின் நூல்களிலுள்ள முறைகள் ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிஷ், ஜப்பானியம் ஆகிய ஐந்து மொழிகளில் பெயர்க்கப்பட்டு, காப்புரிமை அலுவலர்கள் பார்வைக்கு வைக்கப்பட்டன. நம் சித்தர் நூல்கள் அங்கே காவலில் நிற்பது நமக்குப் பெருமையே. ஆனால் ஏட்டில் உள்ளதற்கே அந்தக் காவல். ஏடே இல்லாத குயவனுக்கும் மலைவாணனுக்கும் அதனால் என்ன பயன்? எழுதாவிட்டால் சாட்சி இல்லை. எழுதி ஊரறியச் செய்துவிட்டால் எவரும் எடுத்துக்கொள்ளலாம். இவ்விரண்டுக்கும் இடையே அகப்பட்டுக்கொண்டிருப்பவன், எழுத்தறியாத அறிஞன்.

இந்த இக்கட்டு வெளிப்பட்டு நின்றது நம் பொதிய மலைத் தொடரில். குஜராத்தை விட்டு அவ்வளவு தொலைவு உங்களை அழைத்துச் செல்வதற்குக் காரணம் உண்டு. உலகிலேயே மரபறிவு உடைய மக்களோடு ஆய்வு நிறுவனம் ஒன்று வருவாயைப் பகிர்ந்துகொண்ட முதல் முயற்சிகளுள் ஒன்று அங்கேதான் நிகழ்ந்தது. அகத்திய மலையின் மேற்சரிவில் கேரளத்திலும், கிழக்குச் சரிவில் திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களிலும் காணிக்காரர் வாழ்கின்றனர். 1987-இல் தாவரங்களை ஆராயச் சென்ற அறிவியலார் குழு ஒன்று, காணிக்காரர் சிலரை வழிகாட்டிகளாகக் கொண்டு மேற்சரிவில் ஏறியது. அறிவியலார் களைத்து அமர்ந்தனர். வழிகாட்டிகள் ஏதோ ஒரு சிறு காயை மென்றபடி களைப்பின்றி நடந்தனர். அது என்ன என்று கேட்டதற்கு அவர்கள் எளிதில் விடை கூறவில்லை. குலத்தின் மறைபொருளைப் புறத்தார்க்குச் சொல்வது தகாது என்பது அவர்கள் கருத்து. பன்முறை வேண்டியபின் செடியைக் காட்டினர். அதுவே ஆரோக்கியப்பச்சை.

திருவனந்தபுரம் மாவட்டத்துப் பாலோட்டிலுள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆய்வு நிறுவனம், அச்செடியின் இலையை அசுவகந்தி, திப்பிலி, விஷ்ணுகிராந்தி ஆகியவற்றோடு சேர்த்து ‘ஜீவனி’ என்னும் மருந்தை உருவாக்கியது. காணிக்காரர் உண்டது காயை. ஆய்வுக்கூடம் எடுத்துக்கொண்டது இலையை. இங்கே இரு அறிவும் கலந்திருப்பதைக் காணலாம். 1995-இல் கோயம்புத்தூரிலுள்ள ஆரிய வைத்திய மருந்துச்சாலைக்கு ஏழாண்டு உரிமம் தரப்பட்டது. உரிமக் கட்டணம் பத்து இலட்சம் ரூபாய். விற்பனையில் நூற்றுக்கு இரண்டு பங்கு உரிமைத் தொகை. இவற்றில் சரிபாதி காணிக்காரர்க்கு என்று நிறுவனமே முடிவு செய்தது. அக்காலத்தில் அவ்வாறு கொடுக்கவேண்டும் என்று இந்தியாவில் எந்தச் சட்டமும் இல்லை. அந்த நேர்மையை நாம் மனமாரப் பாராட்ட வேண்டும்.

ஆயினும் பணத்தை யாரிடம் கொடுப்பது? வழிகாட்டியவர் இருவர் மூவரிடமா? குலம் முழுமைக்குமா? குலத்துக்கு வங்கிக் கணக்கு இல்லை, தலைவர் பலர், ஊர்கள் மலையெங்கும் சிதறிக் கிடந்தன. 1997-இல்தான் காணிக்காரர் நல அறக்கட்டளை ஒன்று பதிவு செய்யப்பட்டது. பணம் அதன்பின்னரே சென்று சேர்ந்தது. வேறு ஊர்க் காணிக்காரர் பலர்க்கு இச்செய்தியே தெரியவில்லை. குலமருத்துவர் சிலர், மறைபொருள் விற்கப்பட்டது என்று வெளிப்படையாகவே எதிர்ப்புத் தெரிவித்தனர். செடியோ தன் காட்டுச் சூழலுக்கு வெளியே வளர்ந்தால் மருந்தாற்றல் குன்றுவதாகக் கண்டனர். ஆகவே காணிக்காரரே காட்டில் அதனை வளர்த்து இலை தருவது என்று ஏற்பாடாயிற்று. அதற்கு வனத்துறை தடை சொன்னது. காட்டுச் செடி அழிந்துவிடும் என்பது அவர்கள் அச்சம்; அதனையும் தவறென்று தள்ளிவிட முடியாது. விளைவு என்ன? மருந்துக்கு வேண்டிய இலையே போதிய அளவு கிடைக்கவில்லை.

வாங்கானேரையும் அகத்திய மலையையும் ஒப்பிட்டு நான் எண்ணிப்பார்த்ததுண்டு. காணிக்காரர்க்குப் பணத்தில் பாதி கிடைத்தது. முடிவெடுக்கும் அவையில் தொடக்கத்திலேயே இடம் கிடைக்கவில்லை. உரிமம் எவர்க்குத் தருவது, இலையை எவர் வளர்ப்பது, எந்த ஊரார் எல்லாம் உரியவர் என்று முடிவு செய்தபோது அவர்கள் ஒன்றுகூடிப் பேசியிருந்தால் பிற்காலத்துச் சிக்கல்கள் பல தோன்றியிருக்கமாட்டா என்பது என் எண்ணம். பங்கு கொடுப்பது நல்லது. அதற்கு முன்னரே கேட்பது அதனினும் நல்லது.

பின்னர்ச் சட்டங்கள் வந்தன. 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டம், இத்தகைய வளத்தையும் அறிவையும் வணிகத்துக்குப் பயன்படுத்துவோர் பயன்பகிர்வு செய்யவேண்டும் என்றது. ஒவ்வோர் உள்ளாட்சியிலும் ஒரு குழு அமைத்து மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுதவேண்டும் என்றும் அது கூறுகின்றது. 2023-இல் அச்சட்டம் திருத்தப்பட்டு, நூல்களில் தொகுக்கப்பட்ட மரபறிவைப் பயன்படுத்துவோர்க்கு விலக்கு அளிக்கப்பட்டது. நூலில் ஏறிய அறிவு எந்தக் குடியிடமிருந்து நூலுக்கு வந்தது என்று யார் சொல்வது? எனக்கு இத்திருத்தத்தில் ஐயம் உண்டு. சட்டம் பயின்றோர் இந்த அவையில் இருக்கின்றனர், அவர்கள் தெளிவுபடுத்தினால் மகிழ்வேன். 2024 மே மாதத்தில் ஜெனிவாவில் உலக நாடுகள் கூடி ஓர் உடன்படிக்கை செய்தன. மரபறிவையோ மரபணு வளத்தையோ அடிப்படையாகக் கொண்டு காப்புரிமை கேட்போர், அது எந்த நாட்டினது, எந்த மக்களது என்று விண்ணப்பத்திலேயே சொல்லவேண்டும் என்பது அதன் சாரம்.

சட்டமும் உடன்படிக்கையும் பெரியோர் பார்த்துக்கொள்ளட்டும். காலனியில் வாழும் நமக்கு இதில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். நம்முள் பொறியாளர் உண்டு, வேதியியலார் உண்டு, கணக்கர் உண்டு, வழக்கறிஞர் உண்டு. மன்சுக்பாய்க்குக் குறைவாயிருந்தவை எவையோ அவை நம் காலனியில் வீட்டுக்கு வீடு நிறைந்து கிடக்கின்றன. ஓய்வு பெற்றோர் மாலைப்பொழுதில் பூங்காவில் அமர்ந்து நாட்டு நடப்பை ஆராய்கின்றோம். திங்களுக்கு ஒருநாள், நம் வாயிலில் தொழில் செய்வோர் ஒருவரிடம் சென்று, ஐயா, உங்கள் தொழிலில் எது உங்களை வருத்துகின்றது என்று கேட்டால் என்ன? நாம் தீர்வு சொல்ல விரையவேண்டியதில்லை. அவரே பாதித் தீர்வைக் கையில் வைத்திருப்பார். மீதிக்கு ஓர் அளவீடோ, ஓர் உதிரிப்பாகமோ, ஒரு விண்ணப்பமோ தேவைப்படும். அதனைச் செய்து தர நம்மால் முடியும். அப்பானை அம்மையாரிடம் பத்து ரூபாய் குறைக்க நம் இல்லத்தரசியர் காட்டும் வாதத்திறமையை இனி அவர் சார்பாகவும் சிறிது காட்டலாம்!

மற்றொன்று நம் இல்லங்களுக்குள்ளேயே இருக்கின்றது. தஞ்சையிலும் நெல்லையிலும் கொங்கு நாட்டிலும் பிறந்து இங்குப் பிள்ளைகளோடு வந்து தங்கியிருக்கும் மூதாட்டியர் இந்த அவையிலேயே அமர்ந்திருக்கின்றனர். குழந்தைக்கு உரைமருந்து இழைப்பது, விதைநெல்லை அந்துப்பூச்சி அணுகாமல் குதிரில் காப்பது, கறவை மாட்டின் மடிநோய்க்குப் பற்றுப் போடுவது என அவர்கள் அறிந்தவை பல. அவர்தம் பேரக்குழந்தைகள் குஜராத்தியும் ஆங்கிலமும் பேசுகின்றனர். தமிழ் எழுதப் பலர்க்கு வாராது. அச்சங்கிலி நம் கண்முன்னேயே அறுந்துகொண்டிருக்கின்றது. சங்கத்தின் தமிழ் வகுப்பில் பயிலும் பிள்ளைகள், கட்டுரைப் பயிற்சிக்கு ‘பசு’ என்றும் ‘மழைக்காலம்’ என்றும் எழுதுவதற்கு மாறாக, தம் பாட்டியார் சொல்வதை அவர் சொல்லும் சொற்களிலேயே எழுதட்டும். மேலே அவர் பெயரும் ஊரும் இருக்கவேண்டும். எழுதியதை அவர்க்கு உரக்கப் படித்துக்காட்ட வேண்டும். இதனை மலரில் வெளியிடலாமா, வீட்டோடு வைத்துக்கொள்ளலாமா என்று அவரையே கேட்கவேண்டும். வேண்டாம் என்று சொன்னால் வேண்டாந்தான். மருந்து பற்றியவற்றை மருத்துவர் பாராமல் எவரும் கையாள வேண்டா என்பதையும் சேர்த்தே சொல்லிவைக்கின்றேன். எல்லாப் பழவழக்கும் நல்வழக்கு அன்று. சோதித்துப் பார்ப்பதற்கே ஆய்வுக்கூடம் இருக்கின்றது.

இதற்கென ஒரு குறிப்பேடு வாங்கிச் செயலாளரிடம் ஒப்படைத்திருக்கின்றேன். தமிழ் வகுப்பு ஆசிரியை அவர்கள் அடுத்த ஞாயிறு முதல் இதனைத் தொடங்க இசைந்துள்ளார்கள். பாட்டியார் வீட்டில் இல்லாத பிள்ளைகள் வாயிலில் உள்ள பட்டம் கட்டுபவரிடம் செல்லலாம். அவர் சொல்வதைக் குஜராத்தியில் எழுதி அவரிடமே ஒரு படி கொடுத்துவிட வேண்டும்.

நாடகத்துக்கு வேடம் புனைந்த பிள்ளைகள் திரைக்குப் பின்னால் பொறுமை இழந்திருப்பது தெரிகின்றது.